புடைத்து நின்ற கட்டம்

என் படங்களைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர், "இது நம்ம கோலம் மாதிரியில்லா இருக்கு" என்பார்கள். மீதிப் பேர் தலையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு கறங்குது" என்று நாற்காலி தேடுவார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது கூட்டம். கோலத்தின் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. ஆனால் கோலம் கண்ணை இளைப்பாற்றுவதற்கு. நான் அச்சிடும் படம் கண்ணை வம்புக்கு இழுப்பதற்கு. தாளில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகளும் கட்டங்களும்தான் இருக்கும். பார்த்துக்கொண்டே நின்றால் அதில் அலை புரளும், நடுவில் குழி விழும், ஓரத்தில் ஏதோ சுழலத் தொடங்கும். கையால் தடவினால் தாள் தட்டையாகத்தான் இருக்கும். கை சொல்வதற்கும் கண் சொல்வதற்கும் நடுவில் இருக்கும் அந்தக் குறும்புதான் என் தொழில்.

தொழில் என்பது கொஞ்சம் பெரிய பேச்சு. பிழைப்புக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தேன். பாறசாலைப் பக்கத்து எல்லைக் குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், சர்ச்சில் இரண்டும். இரண்டு மலைக்கு நடுவில் சூரியன் உதிப்பதையும் பக்கத்தில் ஒரு தென்னை சாய்ந்து நிற்பதையும் தலைமுறை தலைமுறையாகத் திருத்திச் சலித்துப்போய், ஓய்வுக்கு முன்னாலேயே வேலையை விட்டேன். விழிஞ்ஞம் துறைமுகத்தில் ஆபீஸ் வேலையில் இருக்கும் என் கணவர், "இனி உனக்க கட்டங்களக் கட்டிக்கிட்டு அழு" என்று வாழ்த்தினார். அவருடைய வாழ்த்தெல்லாம் இப்படித்தான் இருக்கும்.

வேலையை விட்ட கொஞ்ச நாளில் வழுதக்காட்டில் சின்னதாய் ஒரு ஓவியக் காலரி நடத்தும் மலையாளி அம்மாள் எனக்கு இடம் கொடுத்தார். என் முதல் தனிக் கண்காட்சி. அந்தக் காலரியில் வாசலுக்கு நேர் எதிரே ஒரு பெரிய சுவர். உள்ளே வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். அதற்கு என்ன படம் என்று அவர் போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் நாளைக் கடத்திக்கொண்டே இருந்தேன்.

படங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் நான் செய்த தில்லுமுல்லு எனக்கே தெரியும். இங்கே கோட்டைத் தடிமனாக்கினேன், அங்கே கட்டத்தை ஒடுக்கினேன், அதனால் புடைக்கிறது. எனக்கு வேண்டியது வேறு. எல்லாக் கோடும் நேர்க்கோடு, எல்லாம் ஒரே தடிமன், ஒரே இடைவெளி, ஒரு ஏமாற்றும் கிடையாது. இருந்தும் அது அசைய வேண்டும். இப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்று இந்தத் துறையில் இருக்கிற யாரும் சொல்வார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவளுக்கு நடக்காத காரியத்தின் மேல் வரும் ஆசை பொல்லாதது. அந்தச் சுவரில் அந்தப் படம் தொங்கினால் இத்தனை வருஷம் தென்னை மரம் திருத்தியதற்கு ஈடாகிவிடும் என்று நினைத்தேன்.

என் படங்களை அச்சிட்டுத் தருகிறவன் நுண்கலைக் கல்லூரியில் எனக்கு ஜூனியர். களியக்காவிளைக்காரன். அவனும் படம் போட்டவன்தான். வாங்க ஆளில்லாமல் போனபோது அழாமல் கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில், சாலை பஜாரின் உள்சந்து ஒன்றில் ஸ்கிரீன் பிரின்டிங் கடை போட்டுவிட்டான். கல்யாணக் கார்டு, சர்ச் கன்வென்ஷன் நோட்டீஸ், நகைக்கடைப் பை என்று எப்போதும் வேலை இருக்கும். நடுவில் எனக்கும் ஒரு மேசை ஒழித்துத் தருவான். அவனுக்கு ஒரு நல்ல குணம், கெட்ட குணமும் அதுதான்: பொய் சொல்ல வராது. புதுப் பெண்ணின் போட்டோவைக் கார்டில் போடக் கொடுத்தால்கூட, "வேற போட்டோ இல்லியா?" என்று கேட்டுவிடுவான்.

ஸ்கிரீன் அச்சில் ஒரு வழக்கம் உண்டு. சட்டத்தில் துணியை முறுக்காக இழுத்துக் கட்டி, அதன் வழியே ரப்பர் பலகையால் மையை இழுப்போம். நாள்பட்டால் துணி தளரும். தளர்ந்த துணியில் நேர்க்கோடு நடுவில் வயிறு தள்ளிவிடும். அதனால் நல்ல தாளைத் தொடுவதற்கு முன்னால் வெறும் கட்டம் போட்ட ஒரு சோதனைத் தாளை அடித்துப் பார்ப்போம். கோடு நேராக இருந்தால் துணி சரி. கட்டம் சரியா என்று பார்க்க எனக்கு ஒரு பழக்கம், கல்லூரி நாளிலிருந்தே வந்தது. ஆசாரி பலகையின் விளிம்பைப் பார்ப்பதுபோல, இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் மட்டும் பார்ப்பேன். இரண்டு கண்ணும் சேர்ந்தால் ஒன்றுக்கொன்று பரிந்துபேசும் என்பது என் கட்சி.

மழைக்கு முந்தைய ஒரு புழுக்கமான காலை. சோதனைத் தாள் காய்ந்துகொண்டிருந்தது. இடக்கண்ணை மூடிப் பார்த்தேன். நடுவில் கட்டங்கள் மெல்லப் புடைத்து எழுந்து நின்றன.

"துணி தளந்திருக்குலே," என்றேன். "நடுவுல பாரு, வீங்கி நிக்குது."

அவன் மைக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தான். "இல்லியேக்கா. நேராட்டுதான் கெடக்கு."

"கண்ணத் தொறந்து பாரு."

"தொறந்துதான் பாக்குதேன்."

வாதாடுகிறவன் இல்லை, இரும்பு ஸ்கேலை எடுத்துவந்து கோட்டின் மேல் வைத்தான். குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை. ஒரு கோடுகூட ஸ்கேலை விட்டு விலகவில்லை. எனக்கோ அந்த ஸ்கேலின் விளிம்பே நடுவில் லேசாக வளைந்து தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அளந்தால் நேர், பார்த்தால் வளைவு. இதற்குத்தானே நான் இவ்வளவு காலம் தவம் கிடந்தேன்? சுற்றியிருக்கும் கோடுகள் ஒரு நேர்க்கோட்டை வளைத்துக் காட்டும் என்பது எங்கள் துறையில் அரிச்சுவடி. இங்கே வெறும் கட்டமே இரும்பு ஸ்கேலை வளைக்கிறது என்றால், நான் கேட்டது தானாகவே வந்து மேசையில் விழுந்திருக்கிறது. இன்னொன்றும் கண்டேன். நான் பார்வையை எங்கே நகர்த்தினாலும் அந்தப் புடைப்பும் கூடவே நகர்ந்தது. பார்க்கிறவரைப் பின்தொடரும் படம்! அன்றைக்கு எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை.

அவன் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். மறுகண்ணை மூடிப் பார்த்தான். பின்னால் நகர்ந்து நின்று பார்த்தான். "எக்கா, கோவப்படப்பிடாது. இது சும்மா கட்டம். பிள்ளைகளுக்க கணக்கு நோட்டுல கெடக்குமே, அதுதான்."

"கல்யாணக் கார்டு அடிச்சு அடிச்சு உனக்குக் கண்ணு மங்கிப் போச்சு."

"செரி, மங்கிப் போச்சு. உங்க தாளு, உங்க மை. எத்தன அடிக்கணும்னு சொல்லுங்க."

நான் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். அதே கட்டத்தை ஆள் உயரத்துக்கு, கனத்த தாளில் அடிக்கச் சொன்னேன். அவன் சொன்னபடியே மையை இழுத்தான். அவன் வாதாடாததுதான் என்னை அதிகமாக எரிச்சல்படுத்தியது.

மை காய்ந்ததும் காலரி அம்மாள் பார்க்க வந்தார். பட்டுப் புடவையைச் சந்துச் சேற்றிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "அய்யோ, இது இளகுன்னுண்டல்லோ!" என்றார். அசைகிறதாம். நான் ஜெயித்த முகத்தோடு ஜூனியரைப் பார்த்தேன்.

அவன் மரியாதையாகக் கேட்டான்: "எவிடயா மேடம் இளகுன்னது?"

அவர் மேல் மூலையைக் காட்டினார். எனக்குப் புடைத்ததோ நட்ட நடுவில். வேறு யாராக இருந்தாலும் அப்போதே சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன்: பார்க்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் இந்தப் படம் ஒவ்வொரு இடத்தில் அசைகிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. என் குஞ்சு ஊர்க்கண்ணுக்கெல்லாம் வெவ்வேறு பொன்னாகத் தெரிகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அதற்குள் வீட்டிலும் சில கோடுகள் வளையத் தொடங்கியிருந்தன. குளியலறை டைல்ஸின் இடுக்குகள் நடுவில் நெளிந்தன. ஜன்னல் கம்பி ஒன்று ஒடிந்து ஒட்டவைத்ததுபோல் இருந்தது. நான் கவலைப்படவில்லை. இந்த மாதிரிப் படங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். நாள் முழுக்கக் கோடுகளைப் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கினால் தெருவே கொஞ்சநேரம் நெளியும். கல்லூரியில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். வேறு எந்தத் தொழில்காரியாக இருந்தாலும் ஜன்னல் கம்பி வளைந்த அன்றைக்கே டாக்டரிடம் போயிருப்பாள். நான் ரகசியமாகப் பெருமைப்பட்டேன்.

செய்தித்தாளை நான் முகத்துக்கு அருகில் கொண்டுபோவதைப் பார்த்து என் கணவர்தான் முணுமுணுத்தார். "கண்ணுக்குக் கொஞ்சம் பச்ச காட்டு. எப்பப் பாத்தாலும் கறுப்பும் வெள்ளையும்" என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை என்னைக் கல்லாற்றுக்குக் கூட்டிப்போனார். உருண்டைப் பாறைகள், அதைச் சுற்றிப் போகிற தண்ணீர், கொடி, வேர், மேலே பொன்முடிப் பக்கத்து மேகம். பாறையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு, வலக்கண்ணால், இடக்கண்ணால் என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் நெளியவில்லை. "பாத்தியளா, கண்ணு ஓய்வு கேட்டிருக்கு, அவ்வளவுதான்" என்றேன். அவரும் நம்பினார், நானும் நம்பினேன். அந்த ஆற்றங்கரையில் நேர்க்கோடு என்று ஒன்றாவது இருந்ததா என்று இருவரும் யோசிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து மீன் வாங்க விழிஞ்ஞம் போனோம். அவர் கரையில் ஒரு பெண்ணிடம் நெய்மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். வானம் வெளுத்து, கடல் அமைதியாகக் கிடந்தது. அப்பால் புதுத் துறைமுகத்தின் பெரிய கிரேன்கள் வரிசையாக நின்றன. எவ்வளவு நல்ல நேர்க்கோடு இந்தத் தொடுவானம், இதை எதிர்ச்சுவருக்குப் பக்கத்தில் ஒரு படமாகப் போடலாமே என்று நினைத்து, வழக்கம்போல் இடக்கண்ணை மூடினேன்.

கடலில் ஒரு பள்ளம் இருந்தது.

நான் பார்த்த இடத்தில் தொடுவானம் உள்ளே குழிந்து மறுபடி மேலேறியது. பார்வையை வலப்பக்கம் நகர்த்தினேன். பள்ளமும் வலப்பக்கம் வந்தது. கிரேனைப் பார்த்தேன், இரும்புக் கால் முட்டியில் மடங்கியதுபோல் மடங்கியது. வலக்கண்ணை மூடி இடக்கண்ணைத் திறந்தேன். கடல் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேராக இருந்தது. கிரேன் நிமிர்ந்து நின்றது. எத்தனையோ வருஷமாக நான் ஒரு நேர்க்கோட்டை இடக்கண்ணால் மட்டும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடலுக்கு நான் கட்டம் போடவில்லை. கடலில் என் குறும்பு எதுவும் இல்லை. என் படம் யாரையும் பின்தொடரவில்லை. என் கண்தான் தன் பள்ளத்தைப் போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது.

எனக்குப் பயம் வந்தது. கூடவே, இதையும் உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், எதிர்ச்சுவருக்கு இனிப் படம் இல்லை என்ற நினைப்பும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அவரிடம் போய்ச் சொன்னேன். மீனைப் பையில் வாங்கப் போன கை அப்படியே நின்றது. "எப்பத்திலேருந்து?"

"மழைக்கு முந்தி."

"மழைக்கு முந்தியா? இம்புட்டு நாளு எதுக்கு வாய மூடிக்கிட்டு இருந்த?"

"எனக்க படம் நல்லாட்டு வந்திருக்குன்னு நெனச்சேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்லுவாவ. உனக்குக் கண்ணு கெட்டதுக்கே கண்காட்சி" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மீனை மறந்து என் கையைப் பிடித்து இழுத்தார். மீன்காரப் பெண் பையை அவர் கையில் திணித்து, சீக்கிரம் போங்கள் என்று மலையாளத்தில் விரட்டினாள்.

கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, படம் எடுத்து, நெடுநேரம் பார்த்தார். விழித்திரைக்கு அடியில் கசிவு. நீர் கோத்து விழித்திரையைத் தூக்கியிருக்கிறது. அதனால்தான் நடுவில் நேர்க்கோடெல்லாம் வளைகிறது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் அந்த இடத்தில் தழும்பு விழுந்து, முகம் பார்க்கவும் எழுத்து வாசிக்கவும் அந்தக் கண் உதவாமல் போயிருக்கும். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், ஒன்றோடு முடியாது, எவ்வளவு திரும்பும் என்று இப்போதே வாக்குக் கொடுக்க முடியாது. இதையெல்லாம் அவர் மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். நேர்க்கோடு வளைந்து தெரிந்தும் ஏன் வரவில்லை என்று கேட்டார். நான் என்ன தொழில் செய்கிறேன் என்பதைச் சொன்னேன். இப்படி ஒரு காரணத்தை அவர் கேட்டதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

கிளம்பும்போது ஒரு சிறு அட்டையைக் கையில் கொடுத்தார். தினமும் காலையில் இடக்கண்ணை மூடி, நடுவில் இருக்கும் புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடுகள் வளைந்தால் உடனே வர வேண்டும். அட்டையைப் பார்த்தேன். வெறும் கட்டம். நேர்க்கோடுகள், ஒரே தடிமன், ஒரே இடைவெளி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இதை நான் ஆள் உயரத்துக்கு அடித்து வைத்திருக்கிறேன், டாக்டர்" என்றேன்.

முதல் ஊசி போட்டு, கண்ணில் கட்டோடு ஜூனியரின் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னால் அவன் என்னைக் கிண்டல் செய்தே கொன்றுவிடுவான் என்று எதிர்பார்த்தேன். செய்யட்டும், எனக்கு வேண்டியதுதான் என்றிருந்தது. சொல்லக் கேட்டதும் அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"நேராட்டு கெடக்குன்னு சொன்னேனே தவிர, பின்ன இவங்களுக்கு எதுக்கு வளஞ்சு தெரியுதுன்னு நான் யோசிக்கல்லியே எக்கா," என்றான். "உங்க படத்தத்தான் பாத்தேன். உங்களப் பாக்கல்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஒரு சோதனைத் தாளை எடுத்து நடுவில் கறுப்பு மையால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தான். டாக்டர் தந்த அட்டை பர்ஸில் இருக்கிறது. வீட்டில், சமையலறையில், பிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் நான் ஒட்டியது அவன் தந்த தாளைத்தான்.

முதல் ஊசிக்குப் பிறகு புடைப்பு அப்படியே இருந்தது. பிறகு கொஞ்சம் தாழ்ந்தது. அடுத்ததற்குப் பிறகு இன்னும் தாழ்ந்தது. ஒவ்வொரு காலையும் தாளின் முன்னால் நிற்பேன். நான் செய்ததிலேயே மிக நல்ல படம் என் கண்முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது. அது சீக்கிரம் சாக வேண்டும் என்று ஜெபித்தவளும் நான்தான். சில காலைகளில் அதற்காகத் துக்கப்பட்டேன். அவ்வளவு அழகாக ஒரு கட்டம் மூச்சுவிடுவதை இனி நான் பார்க்கவே போவதில்லை.

கண்காட்சி தள்ளிப்போய் நடந்தது. ஆள் உயரக் கட்டத்தை எதிர்ச்சுவரில் மாட்ட வேண்டாம் என்றபோது காலரி அம்மாள் ஒப்பவில்லை. நடந்ததைச் சொல்லியும், "பட்சே ஞான் கண்டதல்லே, அது இளகி!" என்று, அது அசைந்ததைத் தன் கண்ணால் கண்டதாகவே சாதித்தார். எப்படியோ சம்மதிக்கவைத்து, எனக்கே தில்லுமுல்லு தெரிந்த ஒரு பழைய படத்தை அங்கே மாட்டினேன். வந்தவர்களில் பாதிப் பேர் கோலம் என்றார்கள். ஒருவர் நாற்காலி கேட்டார். அவருக்கு நானே கொண்டுபோய்ப் போட்டேன்.

கடை ஷட்டரைத் தூக்கியதும் ஜூனியர் இப்போதும் எனக்குப் போன் செய்கிறான். பேர் சொல்வதில்லை, நலம் விசாரிப்பதில்லை. "எக்கா, எப்பிடி கெடக்கு?" அவ்வளவுதான். நான் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இடக்கண்ணைக் கையால் பொத்தி, புள்ளியைப் பார்ப்பேன். "ஒரு கோடு இன்னும் நெளியுது" என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் "ம்" என்று வைத்துவிடுவான்.

பிறகு ஒரு காலையில், வழக்கம்போல் பொத்திக்கொண்டு பார்த்தேன். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். புள்ளியைச் சுற்றி இருந்த கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்தப் பக்கம் அவன் காத்திருந்தான். சாலை பஜாரின் ஹாரன் சத்தம் கேட்டது.

"நேராட்டுதான் கெடக்குலே," என்றேன்.

"வீங்கி நிக்கல்லியே?"

"இல்ல."

"அப்ப சும்மா கட்டம்தானக்கா?"

"சும்மா கட்டம்தான்," என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு டீக்குத் தண்ணீர் வைத்தேன்.